குளிர்கால பைக்குக்கு எது செட் ஆகும்: எண்ணெயா, லானோலினா, மெழுகா, வெறும் தண்ணியா?

குளிர்காலம் வந்தா பைக்கை மூடி ஓரமா நிறுத்திடுறவங்களுக்கு இது தேவையில்ல, பனி உறையாம இருக்க உப்பு தூவுன ரோட்டுல தினமும் ஓட்டியே ஆகணும்ங்கிறவங்களுக்குத்தான் இந்த அலசல். துரு தடுப்பு டப்பா எதைத் திருப்பிப் பாத்தாலும் எல்லாமே துருவுக்கு எமன்னுதான் போட்டிருக்கும். எது பெஸ்ட்டுன்னு கேக்குறதுக்கு முன்னாடி, நீங்க வண்டியை எத்தனை நாளைக்கு ஒருக்கா கழுவுவீங்கன்னு மனசாட்சியோட சொல்லுங்க. பாதி பதில் அதுலயே கிடைச்சிடும்.

ரோட்டுல போடுறது பெரும்பாலும் சோடியம் குளோரைடு, அதாவது சாதா உப்பு. குளிர் ரொம்ப ஜாஸ்தின்னா கால்சியம் குளோரைடு, மெக்னீசியம் குளோரைடும் போடுவாங்க, இது ரெண்டும் காத்துல இருக்க ஈரத்தையே இழுத்து வச்சுக்குற சாதி, அதனால வண்டி காஞ்சிடுச்சுன்னு நாம நினைச்சாலும் போல்ட் தலைக்குள்ள உப்புத்தண்ணி படலம் இருந்துட்டேதான் இருக்கும். இரும்புக்கு மட்டும்தான் ஆபத்துன்னு நினைக்காதீங்க. அலுமினியத்தைக் காப்பாத்துறதே அது மேல தானா உருவாகுற ஆக்சைடு படலம்தான், குளோரைடு அதையே உடைச்சு உள்ள போயிடும், வெள்ளைப் பொடி பூத்து குழி குழியா ஆயிடும். அப்புறம் "எல்லா போல்ட்டையும் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலா மாத்திட்டேன்"னு பெருமையா சொல்றவங்க கவனிங்க: ஸ்டெயின்லெஸும் அலுமினியமும் ஒட்டியிருக்க இடத்துல உப்புத்தண்ணி சேர்ந்தா அது ஒரு பேட்டரி மாதிரி வேலை செய்யும், அதுல அரிச்சுப் போறது அலுமினியம்தான், அதாவது உங்க இன்ஜின் கேசிங். போல்ட் பளபளன்னு இருக்கும், மரை போயிருக்கும். மாத்துறதா இருந்தா மரையில ஆன்டி-சீஸ் கிரீஸ் (போல்ட் இறுகிப் பிடிச்சுக்காம தடுக்குற கிரீஸ்) தடவிட்டு மாட்டுங்க.

மொதல்ல தண்ணி. வெந்நீரா பச்சத்தண்ணியாங்கிற சண்டை ஓயவே ஓயாது. வெந்நீர்ல உப்பு நல்லா கரையும்ங்கிறது பலரோட வாதம், ஆனா சாதா உப்பு 0 டிகிரி தண்ணியிலயே 100 மில்லிக்கு 35 கிராமுக்கு மேல கரையும், கொதிக்கிற தண்ணியில கூட 39 கிராம் வாக்குலதான், ஆக உப்புக்காக தண்ணி காய்ச்சுறதுல பெரிய லாபம் இல்ல. போதாததுக்கு சூடு ஏறுனா அரிப்பும் வேகமாகும், பூசி வச்ச எண்ணெய்ப் படலமும் கழண்டு போகும். பச்சத்தண்ணி, சாதா ஹோஸ், அடியில இருந்து மேல நிதானமா அடிச்சாலே போதும். பிரஷர் வாஷர் சீக்கிரம் வேலையை முடிக்கும்தான், ஆனா வீல் பேரிங், ஸ்டியரிங் பேரிங், ஸ்விங்ஆர்ம் (பின் சக்கரத்தைத் தாங்குற கை) லிங்கேஜ், வயர் கனெக்டர்னு எல்லா சந்துலயும் உப்புத்தண்ணியை ஏத்தி விட்டுடும். பாத்திரம் கழுவுற லிக்விடும் வேணாம், நிறைய பிராண்டுல கெட்டியாகுறதுக்கு உப்பே சேர்ப்பாங்க, போதாததுக்கு மெழுகையும் உரிச்சிடும். இன்னொண்ணு, கழுவாத ஈர வண்டியை ஹீட்டர் போட்ட கராஜ்ல நிறுத்துறதை விட, காத்தோட்டமான குளிர்ந்த ஷெட்ல நிறுத்துறது மேல். ஆனா வெறும் தண்ணியை மட்டும் நம்புனா ஒவ்வொரு தடவை ஓட்டிட்டு வந்ததும் கழுவணும், விரல் விறைக்கிற குளிர்ல எத்தனை பேர் அதைச் செய்வாங்க.

அதனாலதான் ஸ்ப்ரே. எல்லார் வீட்டுலயும் இருக்க டபிள்யூடி-40 பத்தி ஒரு வார்த்தை: 1953ல ராக்கெட்/ஏவுகணை வேலைக்காக வந்த சரக்கு, பேர்ல இருக்க 'டபிள்யூடி'யே தண்ணியை விலக்குறதைத்தான் குறிக்குது, அந்த வேலையை நல்லாவே செய்யும். ஆனா அதுல பெரும்பகுதி ஆவியாயிடும், மிஞ்சுற படலம் ரொம்ப மெல்லிசு. ஈரமான கனெக்டரை உலர்த்த சூப்பர், உப்பு ரோட்டுல ஒரு சீசன் காக்கும்னு நம்புறதுக்கு இல்ல.

ஏசிஎஃப்-50 மாதிரி ஊர்ந்து பரவுற எண்ணெய்கள் வேற ரகம். விமானத்துக்காக செஞ்சது, மெல்லிசா இருக்கும், ஆனா சந்து பொந்து, மரை, தகடு சேர்ற இடுக்கு எல்லாத்துலயும் தானாவே நகர்ந்து உள்ள போய் தண்ணியைத் தள்ளிட்டு உக்காந்துக்கும். வயரிங் மேல பட்டாலும் பிரச்னை இல்ல. துணியில நனைச்சு துடைச்சாலே நிறைய தூரம் வரும், நிறைய பேர் டப்பாவை காலி பண்ற மாதிரி அடிக்கிறாங்க, அது வேஸ்ட். குறைன்னு பாத்தா, தூசி சேர்ந்து வண்டி சீசன் முழுக்க அழுக்கா தெரியும், சைலன்சர்ல பட்டது புகைஞ்சு போயிடும், கெட்டி சோப்பு போட்டுக் கழுவுனா மறுபடி அடிக்கணும். வண்டி பளிச்சுன்னு இருக்கணும்னு நினைக்கிறவங்களுக்கு இது ஒத்து வராது.

ஸ்காட்ஆய்லர் எஃப்எஸ் 365 தண்ணி கலந்த துரு தடுப்பு ஸ்ப்ரே. ஈர வண்டி மேலயே அடிக்கலாம், ரெண்டு நிமிஷ வேலை, ஆனா அடுத்த மழையோட பாதி போயிடும். தினமும் கழுவுற ஆளுக்குன்னே செஞ்ச மாதிரி இருக்கும், கழுவாத ஆளுக்கு கையில கிடைச்சும் பிரயோஜனமில்ல.

லானோலின்னா ஆட்டு ரோமத்துல இருந்து எடுக்குற கொழுப்பு. ஃப்ளூயிட் ஃபிலிம் இந்த வகைதான். தடிமனா ஒட்டிக்கும், லேசுல கழுவிப் போகாது, ஃபிரேம் அடி, சென்டர் ஸ்டாண்ட், ஸ்விங்ஆர்ம் உள்பக்கம், ஷாக் அப்சார்பர் ஸ்பிரிங்னு முன் சக்கரம் வாரி இறைக்கிற இடத்துக்கெல்லாம் என் ஓட்டு இதுக்குத்தான். கொஞ்ச நாள் ஆட்டு வாடை அடிக்கும், அது பழகிடும். எண்ணெய் தாங்காத ரப்பர் மேல மட்டும் படாம பாத்துக்கணும், உப்பிடும்.

வாக்ஸாய்ல், டினிட்ரால் மாதிரி மெழுகு ரகம் ஃபிரேம் குழாய்க்கு உள்ள அடிக்கத்தான் லாயக்கு. வெளிய அடிச்சா காஞ்சு இறுகி, ஒரு கல் தெறிச்சு வெடிப்பு விட்டா அதுக்குள்ள தண்ணி போய் உக்காந்துடும், மேல பாத்தா நல்லா இருக்கும், அடியில துரு தின்னுட்டிருக்கும். எண்ணெய்ப் படலம்னா போன இடம் கண்ணுக்குத் தெரியும், மறுபடி தடவலாம். உள்ள அடிக்கும்போது தண்ணி வடியிற ஓட்டையை அடைச்சிடாதீங்க.

கார் பாலிஷ், செராமிக் கோட்டிங்கெல்லாம் டேங்க் பெயிண்ட்டுக்கு நல்லது, துரு ஆரம்பிக்கிற இடம் டேங்க் இல்லையே.

செயின்ல வாக்ஸ் ஸ்ப்ரேயா ஆயிலான்னா, குளிர்காலத்துல ஆயில்தான். வாக்ஸ் சுத்தமா இருக்கும், வீலைக் கறை பண்ணாது, ஆனா உப்பு தெறிக்கும்போது கெட்டியான கியர் ஆயில் சுத்திச் சிதறி உப்பையும் சேத்துத் தள்ளிட்டுப் போகுது. செயின்ல ஓ-ரிங் (லிங்க் நடுவுல இருக்க ரப்பர் வளையம்) இருக்கே, துரு வராதுன்னு விட்டுடாதீங்க, அது உள்ள இருக்க கிரீஸைத்தான் காக்கும், வெளித் தகடும் ரோலரும் நம்ம பொறுப்பு. மண்ணெண்ணெய்ல கழுவலாம், பெட்ரோல் வேணாம். ஃபோர்க் குழாயையும் தினம் துடைச்சு எண்ணெய்த் துணியால ஒரு இழுப்பு இழுத்துடுங்க, அதோட குரோம்ல ஒரு குழி விழுந்தாலே ஆயில் சீல் கிழிஞ்சிடும்.

ஆக, தினமும் கழுவுறவர்னா எஃப்எஸ் 365 போதும். வாரத்துக்கு ஒருக்காதான் முடியும்னா வண்டியோட மேல்பாகத்துக்கு ஏசிஎஃப்-50, அடிப்பாகத்துக்கு லானோலின். கழுவுறதே இல்லன்னா மொத்தமும் லானோலின், அழகு பாக்காதீங்க. எதுவானாலும் முதல் உப்பு விழறதுக்கு முன்னாடி, சுத்தமா கழுவி நல்லா காய வச்ச வண்டி மேல அடிங்க (எஃப்எஸ் 365க்கு மட்டும் காய வைக்கத் தேவையில்ல), உப்பு மேலயே அடிச்சா உப்பையும் சேத்துப் பூட்டி வச்ச மாதிரிதான்.

பிரேக் மட்டும் இந்தப் போட்டியிலயே இல்ல. டிஸ்க், பேட், டயர், ஃபுட்ரெஸ்ட் ரப்பர்ல எதுவும் படக்கூடாது, அடிக்கிறதுக்கு முன்னாடி கவரால மூடுங்க, தப்பித் தவறி டிஸ்க்ல பட்டா பிரேக் கிளீனர் போட்டுத் துடைச்சிட்டு, பேட்ல இறங்கியிருந்தா பேடையே மாத்திடுங்க. கேலிபர் (பேடை டிஸ்க்ல அழுத்துற பாகம்) பிஸ்டனுக்கு சோப்புத் தண்ணியும் பழைய டூத் பிரஷ்ஷும், ஸ்லைடு பின்னுக்கு சிலிகான் பிரேக் கிரீஸும் போதும்.