பாரிஸுக்காக அழ ஆளில்லை: ஆர்மகெடானும் டீப் இம்பாக்டும்

1998 மே மாதம் 'டீப் இம்பாக்ட்' என்ற ஹாலிவுட் படம் வந்தது, ஜூலையில் 'ஆர்மகெடான்'. இரண்டிலும் விண்வெளியிலிருந்து ஒரு பெரும்பாறை பூமியை நோக்கி வருகிறது. அணுகுண்டோடு ஒரு குழு கிளம்புகிறது. உயிரைக் கொடுத்து உலகத்தைக் காப்பாற்றுகிறார்கள். வசூலில் அந்த வருடம் உலக அளவில் ஆர்மகெடானுக்குத்தான் முதலிடம். படம் முடியும் விதம் என்று வந்தால் என் ஓட்டு டீப் இம்பாக்டுக்கு.

ஆர்மகெடானின் விண்கல் டெக்சாஸ் மாநிலம் அளவு. அதாவது குறுக்காக 1,200 கி.மீ. இருக்கும். செவ்வாய்க்கும் வியாழனுக்கும் நடுவே பாறைகள் சுற்றும் சிறுகோள் பட்டையிலேயே பெரியதான சீரிஸ் சுமார் 940 கி.மீ.தான், அதை 1801-லேயே கண்டுபிடித்துவிட்டார்கள். அதைவிடப் பெரிய ஒன்று, மோதலுக்கு 18 நாள் இருக்கும்போதுதான் கண்ணில் படுகிறது என்பதை நம்பவே முடியவில்லை. எண்ணெய்க் கிணறு தோண்டுபவர்கள் அதில் 800 அடி துளை போட்டுக் குண்டை வைக்கிறார்கள். 800 அடி என்றால் 250 மீட்டர்கூட இல்லை. அவ்வளவு பெரிய பாறைக்கு அது ஒரு கீறல்.

அறிவியல் ஓட்டைகளைக்கூட மன்னித்துவிடலாம். மனசு ஆறாத இடம் வேறு. படத்தின் நடுவே பாரிஸ் நகரமே அழிகிறது. அதற்குப் பிறகு அந்த ஊரை நினைத்து யாரும் கலங்குவதில்லை. கிணறு தோண்டும் குழுவின் தலைவராக வரும் ப்ரூஸ் வில்லிஸ் வருங்கால மருமகனைத் திருப்பி அனுப்பிவிட்டுத் தானே குண்டின் பட்டனை அழுத்துகிறார், பாறை இரண்டாகப் பிளந்து பூமியின் இருபுறமும் விலகிப் போகிறது, உலகமே கொண்டாடுகிறது, டைட்டில் ஓடும்போது கல்யாணம். ஒருவரின் தியாகத்தில் மொத்தக் கணக்கும் தீர்ந்துவிடுகிறது. செத்த லட்சக்கணக்கானவர்கள் கதையிலிருந்தே காணாமல் போகிறார்கள்.

டீப் இம்பாக்டில் கணக்கு அவ்வளவு சுலபமாகத் தீர்வதில்லை. வால்நட்சத்திரத்தின்மேல் இறங்கியவர்கள் வேலையை முடிக்கும் முன்பே சூரியன் உதிக்கிறது. அந்தச் சூட்டில் உள்ளிருந்து வாயு பீறிட்டு ஒருவரை அடித்துக்கொண்டு போகிறது, தளபதிக்குப் பார்வை போகிறது. குண்டு வெடித்தும் அது இரண்டு துண்டாகிறதே தவிர, இரண்டும் பூமிக்கே வருகின்றன. மக்கள் ஒளிந்து தப்பிக்க அரசு தோண்டிய சுரங்கத்தில் பத்து லட்சம் பேருக்குத்தான் இடம். குலுக்கலில் 50 வயதைத் தாண்டியவர்களுக்கு வாய்ப்பே இல்லை. நிருபர் ஜென்னி, ஹெலிகாப்டரில் தனக்கிருந்த இடத்தைக் குழந்தையோடு நிற்கும் சக ஊழியருக்குக் கொடுத்துவிட்டு, தான் பேசாமல் விலகியிருந்த அப்பாவைத் தேடிக் கடற்கரைக்குப் போகிறாள். சின்னத் துண்டு அட்லாண்டிக்கில் விழுந்து, அலை இருவரையும் கொண்டுபோகிறது. பெரிய துண்டை விண்வெளிக் குழு தங்கள் கலத்தோடு மோதித் தகர்க்கிறது. பல கி.மீ. பாறை பொடியாகி வாணவேடிக்கை போலப் போவது இங்கேயும் மிகைதான். ஆனால் இடிந்த நாடாளுமன்றக் கட்டடத்தின் முன் நின்று அதிபர் பேசும்போது, இழந்ததெல்லாம் கண்முன் இருக்கிறது.

நிஜத்தில் நடந்தது 2022 செப்டம்பர் 26. நாசாவின் 'டார்ட்' விண்கலம், சுமார் 160 மீட்டர் அகலமுள்ள டைமார்ஃபஸ் என்ற குட்டிச் சிறுகோள்மீது மோதியது. ஆளும் இல்லை, குண்டும் இல்லை. அந்தப் பாறை தன் பெரிய துணையைச் சுற்றிவரும் நேரம் அரை மணிக்குச் சற்று மேல் குறைந்தது, அவ்வளவுதான். முன்கூட்டியே கண்டுபிடித்துவிட்டால், நிஜ ஆபத்தையும் இந்த மாதிரிச் சின்ன இடியால் விலக்கலாம். இதற்குத் தேவை வருடக்கணக்கான வான்நோக்கல். டீப் இம்பாக்டில் கண்டுபிடிப்புக்கும் மோதலுக்கும் நடுவே ஒரு வருடத்துக்கு மேல் ஓடுவது அதனால்தான் எனக்குப் பிடிக்கிறது.

ஏலியன் படங்களிலும் இப்படி ஒரு ஜோடி உண்டு. 1996-ன் 'இண்டிபெண்டன்ஸ் டே'யில் லேப்டாப் வைரஸ் ஒன்று வேற்றுக்கிரகக் கப்பல்களின் கவசத்தை இறக்க, அதிபரே போர் விமானம் ஓட்டுகிறார். 2005-ல் ஸ்பீல்பெர்க் எடுத்த 'வார் ஆஃப் த வேர்ல்ட்ஸ்', எச்.ஜி.வெல்ஸ் 1898 நாவலில் வைத்த முடிவையே எடுத்துக்கொண்டது: படையெடுத்தவர்களைக் கண்ணுக்குத் தெரியாத கிருமிகள் கொல்கின்றன. டாம் க்ரூஸால் உலகத்தைக் காப்பாற்ற முடிவதில்லை, மகளைக் காப்பாற்றவே மூச்சு முட்டுகிறது. இவ்வளவு நேர்மையாக வந்துவிட்டு, போர்முனைத் தீயில் போய் மறைந்த மகனைக் கடைசியில் பாஸ்டன் வீட்டு வாசலில் முழுசாக நிறுத்திவிடுகிறார்கள். அவன் திரும்பாமல் இருந்திருந்தால், இந்த நான்கில் முதலிடத்தை அந்தப் படத்துக்கே கொடுத்திருப்பேன்.