பெண் தலைவர்கள் கார்டு கேம்: மூணு மாசம் விளையாடிட்டு எழுதுறேன்

முதல்ல இந்த பெட்டி எப்படி வீட்டுக்கு வந்துச்சுன்னு சொல்லிடறேன், அது தெரியாம நான் ஏன் இதுக்கு இவ்ளோ நீளமா ரிவ்யூ எழுதுறேன்னு புரியாது. போன வருஷம் ஒரு சின்ன தேர்தல்ல நின்னேன், தோத்துட்டேன். கொஞ்ச ஓட்டு வித்தியாசம்கூட இல்ல, நல்லாவே தோத்தேன். அன்னிக்கு ராத்திரி சின்னவ பக்கத்துல வந்து படுத்துக்கிட்டு "இனிமே நிக்க மாட்டியாம்மா"ன்னு கேட்டா, எனக்கு பதில் வரல. அத கேள்விப்பட்டு எங்க அக்கா அனுப்பினதுதான் இந்த கார்டு கேம். உலகம் முழுக்க அரசியலுக்கு வந்த பெண்கள பத்தினது. சரி, குழந்தைங்க பொழுதுபோக்குக்கு அனுப்பியிருக்கான்னு நினைச்சு ஓரமா வச்சிட்டேன். இப்ப மூணு மாசமா வாரத்துக்கு ரெண்டு மூணு தடவை எடுத்துடறோம்.

பெட்டியில 48 ஆள் கார்டு, 30 தடை கார்டு, ஒரு சின்ன மணல் கடிகாரம், ஒரு ரூல்ஸ் தாள், அப்புறம் எதுவும் எழுதாத ரெண்டு வெத்து கார்டு. ஆள் கார்டுல முன்பக்கம் படம், பேரு, நாடு, பின்பக்கம் அஞ்சாறு வரி வாழ்க்கை. தடை கார்டுல ஒரே ஒரு வார்த்தையோ வரியோதான் இருக்கும், 'ஜெயில்', 'தோல்வி', 'கைக்குழந்தை', 'சொந்தக் கட்சியே எதிர்ப்பு', 'கிடப்புல போட்டுட்டாங்க', இப்படி. ஒவ்வொருத்தருக்கும் அஞ்சு ஆள் கார்டு குடுப்பாங்க, நடுவுல ஒரு தடை கார்டு திருப்புவாங்க, அந்த தடைய தாண்டினவங்க உங்க கையில இருந்தா போட்டுட்டு ஒரு நிமிஷத்துல எப்படி தாண்டினாங்கன்னு பேசணும், மத்தவங்க ஓட்டு போட்டு யாருக்கு பாயிண்ட்டுன்னு முடிவு பண்ணுவாங்க. அவ்ளோதான் ஆட்டம். கேக்க சாதாரணமா இருக்கும், ஆனா அந்த ஒரு நிமிஷம் பேசுறதுக்காகவே பசங்க பின்பக்கத்த மனப்பாடம் பண்ற அளவுக்கு படிக்கிறாங்க.

எனக்கு இந்த பெட்டியிலயே பிடிச்ச கார்டு லைபீரியாவோட எல்லன் ஜான்சன் சர்லீஃப். ஏன்னா அந்த கார்டை எழுதினவங்க ஜெயிச்சத மட்டும் எழுதல. 1985ல அரசாங்கத்த விமர்சிச்சு பேசினதுக்கு 10 வருஷ தண்டனை குடுத்தாங்க, வெளிய வந்தாங்க, அதே வருஷம் மறுபடி புடிச்சு உள்ள போட்டாங்க. 1997ல ஜனாதிபதி தேர்தல்ல நின்னு சார்லஸ் டெய்லர்கிட்ட படுதோல்வி, அவருக்கு 75 சதவீதம், இவங்களுக்கு சுமார் 10. அப்புறம் 2005ல மறுபடி நின்னாங்க, முதல் சுத்துல கால்பந்து ஸ்டார் ஜார்ஜ் வேயாவுக்கு பின்னாடி ரெண்டாவது இடம், ரெண்டாவது சுத்துலதான் 59 சதவீதம் எடுத்து ஜெயிச்சாங்க, ஆப்பிரிக்காவுல மக்கள் ஓட்டால நாட்டோட தலைவரான முதல் பெண். 2011ல நோபல் அமைதிப் பரிசு வேற. இத படிச்சப்ப அந்த 10 சதவீதத்துலதான் நான் ரொம்ப நேரம் நின்னுட்டேன். அன்னிக்கு ராத்திரி அவங்க வீட்ல எப்படி இருந்திருக்கும், மறுநாள் காலைல எழுந்து என்ன பண்ணியிருப்பாங்க, அதெல்லாம் எந்த கார்டும் சொல்ல முடியாது, ஆனா அந்த நம்பர் அங்க இருக்கறதே எனக்கு பெரிய துணையா இருந்துச்சு.

அதே மாதிரி கென்யாவோட வங்காரி மாத்தாய். மரம் நட்டவங்க, 2004ல நோபல் வாங்கினவங்கன்னுதான் எல்லாருக்கும் தெரியும், எனக்கும் அவ்ளோதான் தெரியும். 1982ல நாடாளுமன்றத்துக்கு நிக்கறதுக்காக யூனிவர்சிட்டி வேலைய ராஜினாமா பண்ணியிருக்காங்க, வாக்காளரா மறுபடி பதிவு பண்ணலன்னு காரணம் சொல்லி நிக்கவே விடல, சரி வேலைக்கு திரும்பலாம்னு போனா அங்கயும் சேத்துக்கல, குடியிருந்த வீட்டயும் காலி பண்ண சொல்லிட்டாங்க. வேலையும் போச்சு, வீடும் போச்சு, தேர்தலும் போச்சு. 1997லயும் நின்னு தோத்தாங்க. 2002ல நாடாளுமன்றத்துக்கு ஜெயிச்சப்ப அவங்க தொகுதியில 98 சதவீத ஓட்டு. இருபது வருஷம். பெரியவ இந்த கார்டு கையில வந்தா எந்த தடை வந்தாலும் இதையே போடுவா, எல்லா தடைக்கும் பொருந்துதேன்னு கேட்டா எங்ககிட்ட பதில் இல்ல.

'கிடப்புல போட்டுட்டாங்க' தடைக்கு எங்க வீட்ல ஜெயிச்ச கார்டு முத்துலட்சுமி ரெட்டி. 1927ல சென்னை மாகாண சட்டசபையில தேவதாசி முறைக்கு எதிரா அவங்க எழுப்பின விஷயம் முழு தடைச் சட்டமா வந்தது 1947ல. நடுவுல 1930ல பதவியயே விட்டுட்டு வெளிய வந்துட்டாங்க, ஆனா அந்த வேலைய விடல.

ஷெர்லி சிஷோம் கார்டுக்குதான் எங்க வீட்ல பெரிய சண்டை நடந்துச்சு. 1968ல அமெரிக்க காங்கிரஸுக்கு தேர்வான முதல் கறுப்பின பெண், 1972ல ஜனாதிபதி வேட்பாளர் ஆகணும்னு கட்சிக்குள்ள போட்டி போட்டாங்க, டிவி விவாதத்துல சேத்துக்காததுக்கு சட்டப்படி போராட வேண்டியிருந்துச்சு. கறுப்பினமா இருந்தத விட பெண்ணா இருந்ததாலதான் அதிக தடைய பாத்தேன்னு அவங்களே சொல்லியிருக்காங்க. சண்டை அதுல இல்ல. அதே தேர்தல்ல போட்டி போட்ட ஜார்ஜ் வேலஸ், கறுப்பினத்தவர ஒதுக்கி வைக்கணும்னு முழங்கினவரு, அவர யாரோ சுட்டுட்டாங்க, சிஷோம் ஆஸ்பத்திரிக்கு போய் பாத்தாங்க. அவங்க ஆதரவாளர்களே கோவப்பட்டாங்க. பெரியவ "போயிருக்கவே கூடாது"ன்னா, அக்கா "போனதாலதான் பின்னாடி வீட்டு வேலை செய்றவங்களுக்கு குறைந்தபட்ச சம்பளம் கேட்டு சட்டம் வந்தப்ப வேலஸ் தெற்கு மாநில ஓட்டு திரட்ட உதவினாரு"ன்னா, மணல் கடிகாரம் எப்பவோ தீந்து போச்சு, யாரும் பாக்கல. ஒரு கேம் 14 வயசு பொண்ணையும் 50 வயசு அம்மாளையும் எதிரிகிட்ட எப்படி நடந்துக்கணும்னு முக்கா மணி நேரம் பேச வைக்குதுன்னா அதுக்கே காசு குடுக்கலாம்.

இப்ப குறைகளுக்கு வரேன், இருக்கு, சொல்லியே ஆகணும்.

முதல்ல தப்பு. நியூசிலாந்து கார்டுல 1893ல பெண்களுக்கு 'அரசியல் உரிமை' கிடைச்சதுன்னு பொத்தாம்பொதுவா போட்டிருக்காங்க. 1893ல கிடைச்சது ஓட்டு போடற உரிமை மட்டும்தான். வேட்பாளரா நிக்கற உரிமை 1919லதான் வந்துச்சு, அதுக்கப்புறமும் ஒரு பெண் ஜெயிச்சு உள்ள போனது 1933ல, எலிசபெத் மெக்கோம்ப்ஸ். அவங்களும் அதுக்கு முன்னாடி 1928, 1931 ரெண்டு தடவை நின்னு தோத்தவங்க. ஓட்டு கிடைச்சதுக்கும் ஒரு பெண் சபையில உக்காந்ததுக்கும் நடுவுல 40 வருஷம் இருக்கு, இந்த கேமோட உயிரே அந்த 40 வருஷத்துலதான் இருக்கு, அத போய் விட்டுட்டாங்களேன்னு எனக்கு நெஜமாவே வருத்தம். மெக்கோம்ப்ஸுக்கு 48ல ஒரு கார்டுகூட இல்ல.

ரெண்டாவது, பாதி கார்டுக்கு மேல 'முதல் பெண்', 'முதல் பெண்'ன்னுதான் ஆரம்பிக்குது. ஐஸ்லாந்தோட விக்டிஸ் ஃபின்போகடோட்டிர் கார்டுல 1980ல மக்கள் ஓட்டால ஜனாதிபதியான உலகத்தோட முதல் பெண்ணுன்னு இருக்கு, சரி. ஆனா அவங்க தனியா ஒரு குழந்தைய தத்தெடுத்து வளத்தவங்க, மார்பக புற்றுநோய்க்கு ஆபரேஷன் பண்ணிக்கிட்டவங்க, பிரச்சாரத்துலயே அத பத்தியெல்லாம் கேள்வி கேட்டாங்க, இது எதுவுமே கார்டுல கிடையாது. அதுக்கு அஞ்சு வருஷம் முன்னாடி 1975 அக்டோபர் 24ல அந்த நாட்டு பெண்கள்ல 90 சதவீதம் பேரு வீட்டு வேலை ஆபீஸ் வேலை ரெண்டையும் ஒரு நாள் நிறுத்தினாங்க, அதுவும் இல்ல. அது இல்லாம 1980 வந்திருக்குமா? அவங்க தனியா வானத்துல இருந்து குதிச்ச மாதிரி இருக்கு கார்டு.

மூணாவது, இத எழுதலாமா வேணாமான்னு யோசிச்சேன். இலங்கையோட சிறிமாவோ பண்டாரநாயக்க கார்டு. 1960 ஜூலையில உலகத்தோட முதல் பெண் பிரதமர், கணவரை சுட்டுக் கொன்ன அடுத்த வருஷம். 1980ல அவங்க குடிமை உரிமைகள 7 வருஷத்துக்கு பறிச்சாங்க, 1994ல மறுபடி பிரதமர். அந்த விடாப்பிடிய நான் மறுக்கல. ஆனா 1964ல அவங்க இந்திய பிரதமர் சாஸ்திரியோட போட்ட ஒப்பந்தத்துலதான் மலையகத் தமிழர்கள்ல 5,25,000 பேர இந்தியாவுக்கு அனுப்பறதுன்னு முடிவாச்சு, அங்கயே பொறந்து வளந்தவங்கள யாரும் ஒரு வார்த்தை கேக்கல. தமிழ்ல அச்சடிச்ச கார்டுல இதுக்கு ஒரு வரி இடம் வேணாமா? என் பொண்ணுங்க அவங்கள பாத்து தைரியம் கத்துக்கட்டும், அதே கார்டுலயே அவங்க கையெழுத்தால யாரு வீட்ட விட்டு போனாங்கன்னும் தெரிஞ்சுக்கட்டும். ரெண்டையும் தாங்கற அளவுக்கு பசங்களுக்கு மனசு இருக்கு. தயாரிச்சவங்களுக்கு இத பத்தியும் நியூசிலாந்து பத்தியும் மெயில் அனுப்பியிருக்கேன்.

தடை கார்டுகள்ல எல்லாமே பெரிய பெரிய தடையா இருக்கு, ஜெயில், குண்டு, நாடு கடத்தல். தினப்படி தடை ரொம்ப கம்மி. அமெரிக்க பிரதிநிதிகள் சபை மண்டபத்துக்கு பக்கத்துல பெண் உறுப்பினர்களுக்குன்னு ஒரு பாத்ரூம் வந்ததே 2011லதான். அந்த சபையோட முதல் பெண் உறுப்பினர் ஜெனட் ரேங்கின் தேர்வானது 1916ல! மீட்டிங்க ராத்திரி பத்து மணிக்கு வைக்கறது, முக்கியமான முடிவெல்லாம் நம்மள கூப்பிடாத இடத்துல எடுக்கறது, பேச எழுந்தா பக்கத்துல இருக்கறவரு பேச ஆரம்பிக்கறது, நான் நின்ன சின்ன தேர்தல்லயே இதெல்லாம் பாத்தேன். யாரும் என்னை ஜெயில்ல போடல, ஆனா வீட்டுக்கு வீடு போனப்ப "குழந்தைங்கள யாரு பாத்துக்கறா"ன்னு கேட்டாங்க, எதிர்ல நின்னவருக்கும் ரெண்டு குழந்தைங்க, அவர யாரும் கேக்கல. 'கைக்குழந்தை' தடை ஒண்ணு வச்சதுக்கு நன்றி சொல்லணும், அதுல பெனசீர் பூட்டோவும் ஜசிந்தா ஆர்டெர்னும் அழகா பொருந்துறாங்க, பதவியில இருக்கும்போதே குழந்தை பெத்த பிரதமர்கள், முதலாமவங்க 1990ல, அடுத்தவங்க 2018ல.

ஓட்டு போடற ரூல்லயும் ஒரு சிக்கல் இருக்கு. சத்தமா பேசறவங்களுக்குத்தான் பாயிண்ட் போகுது. சின்னவளுக்கு பத்து வயசு, விஷயம் எல்லாம் தெரியும், பேச்சு மெதுவா வரும், முதல் மாசம் முழுக்க கடைசி இடம்தான். அப்புறம் நாங்களே ரூல மாத்தினோம், ஒரு நிமிஷம் பேசறதுக்கு பதிலா மூணு வரி எழுதியும் காட்டலாம்னு. இப்ப அவதான் முன்னாடி போறா. வாங்கறவங்க இத முதல் நாளே பண்ணிடுங்க.

கார்டு நல்ல கெட்டி, படங்கள் கையால வரைஞ்சது, அழகா இருக்கு, எழுத்து மட்டும் பின்பக்கத்துல ரொம்ப பொடி. பெட்டியோட மூடி ஒரு மாசத்துலயே ஓரத்துல கிழிஞ்சு போச்சு. மூணு பேருக்கு குறைவா விளையாடினா ஓட்டு போட ஆளில்லாம சப்புன்னு இருக்கு, அஞ்சு பேரு சரியான எண்ணிக்கை. ஒன்பது பத்து வயசுக்கு மேல வாங்கி குடுங்க. பசங்களுக்கு மட்டும்தான்னு இல்ல, எங்கயாவது எதுக்காவது நிக்கலாமான்னு யோசிச்சிட்டு இருக்கற பொம்பளைங்க நாலு பேரு உக்காந்து விளையாடினா இன்னும் நல்லா இருக்கும், எங்க அக்கா அவ தோழிகளோட அப்படித்தான் விளையாடறா. அஞ்சுக்கு நாலு ஸ்டார் குடுக்கறேன், அந்த மூணு கார்டையும் திருத்தினா அஞ்சு.

வெத்து கார்டு ரெண்டு இருக்குன்னு சொன்னேன்ல. ஒண்ணுல எலிசபெத் மெக்கோம்ப்ஸ எழுதிட்டோம், பெரியவ படம் போட்டா, சின்னவ பின்பக்கத்துல '1928 தோல்வி, 1931 தோல்வி, 1933 வெற்றி'ன்னு மூணே வரி எழுதினா. இன்னொண்ணுக்கு இன்னும் முடிவாகல. 1918ல லண்டன் ஜெயில்ல இருந்துகிட்டே பிரிட்டிஷ் நாடாளுமன்றத்துக்கு ஜெயிச்ச கான்ஸ்டன்ஸ் மார்க்கிவிச்ச போடணும்னு பெரியவ, என் பேர போடணும்னு சின்னவ. அடுத்த தேர்தல் முடியட்டும், அதுவரைக்கும் வெத்தாவே இருக்கட்டும்னு சொல்லி வச்சிருக்கேன்.