பொள்ளாச்சித் தேங்காயும் பாங்காக் பெட்டியும்

கை கழுவப் போன வழியில்தான் அதைப் பார்த்தேன். சமையலறைக் கதவை ஒட்டி ஒரு நீலக் குப்பைக்கூடை. அதற்குள் தேங்காய்ப்பால் அடைத்து வரும் ஒரு லிட்டர் காகிதப் பெட்டிகள் நாலைந்து, மூலை கத்தரித்து நசுக்கிப் போடப்பட்டிருந்தன. மேலே கிடந்த பெட்டியில் உடைத்த தேங்காய் மூடியின் படம், அதற்குக் கீழே சுழி சுழியாகத் தாய்லாந்து எழுத்து. சிட்னியில் எங்கள் வீட்டு அலமாரியிலும் இதே மாதிரிப் பெட்டி எப்போதும் இரண்டு இருக்கும். அங்கே இருப்பதில் அதிசயம் ஒன்றுமில்லை. ஆனால் நான் நின்றுகொண்டிருந்தது கோயமுத்தூர் சாய்பாபா காலனியில், ஒரு தாய்லாந்துச் சாப்பாட்டுக் கடையில். அங்கிருந்து தெற்கே நாற்பது கிலோமீட்டர் போனால் பொள்ளாச்சி. அதைத் தாண்டி ஆனைமலை போகும் வரை, தென்னையைத் தவிர வேறு மரத்தைத் தேடித்தான் பார்க்க வேண்டும். எங்கள் தோப்பும் அந்த வழியில்தான். போன வாரம்தான் தொரட்டி போட்டுக் காய் இறக்கினார்கள்.

கையைக் கழுவினேனா இல்லையா என்று இப்போது ஞாபகம் இல்லை.

இந்த முறை மூன்று வாரம் ஊரில் இருந்தேன். பட்டா வேலை, பேங்க் வேலை, அம்மாவின் கண் ஆபரேஷன் எல்லாம் சொன்ன தேதியில் சொன்னபடி முடிந்தன. அதைப் பற்றி எழுத என்ன இருக்கிறது? திரும்பி வந்த பிறகும் மனசில் கிடந்து உருளுவது அந்தப் பெட்டிதான்.

தாய்லாந்துச் சாப்பாடு வேண்டும் என்று கேட்டது நானில்லை. ஊருக்கு வந்தால் எனக்கு அரிசிம்பருப்பு சாதமும், அம்மா பிழியும் சந்தகையும் (எங்கள் பக்கத்து இடியாப்பம்) போதும். சிட்னியில் ஸ்டேஷனுக்கு ஸ்டேஷன் ஒரு தாய் கடை இருக்கும், கோவையில் தெருவுக்குத் தெரு பேக்கரி இருக்கிற மாதிரி. அலுத்துப் போகிற அளவுக்குச் சாப்பிட்டாயிற்று. ஆசைப்பட்டது தம்பி. 2023 நவம்பரில் இந்தியர்களுக்கு விசா வேண்டாம் என்று தாய்லாந்து சொன்னாலும் சொன்னது, எங்கள் ஒறம்பரையில், அதாவது சொந்தபந்தத்தில், பாங்காக் பார்க்காதவர்கள் நானும் அம்மாவும்தான் என்றாகிவிட்டது. தம்பி இரண்டு தடவை போய்விட்டு வந்தான். "அண்ணா, நம்ம ஊர்லயே ஒரு சின்னக் கடை, அச்சு அசல் அங்க மாதிரியே இருக்கும்" என்று கூட்டிக்கொண்டு போனான்.

சின்னக் கடைதான். ஆறே மேசை. சுவரில் ஒரு படகுச் சந்தைப் படம், கல்லாப்பெட்டி மேல் பிள்ளையார். உட்கார்ந்ததும் பையன் வந்து, "தண்ணி பாட்டிலுங்ளா, நார்மலுங்ளா?" என்றான்.

"நார்மல்னா சிறுவாணியா?"

"கேனுங்ணா."

உலகத்திலேயே ருசியில் இரண்டாவது தண்ணீர் சிறுவாணி என்று சொல்லிச் சொல்லியே எங்களை வளர்த்தார்கள். யார் குடித்துப் பார்த்து வரிசைப்படுத்தினார்கள் என்று ஒருத்தரும் கேட்டதில்லை. சிட்னியில் எந்தச் சின்னக் கடையிலும் உட்கார்ந்தவுடன் குழாய்த் தண்ணீரைக் கண்ணாடிப் புட்டியில் பிடித்து வைத்துவிடுவார்கள், காசு கிடையாது. சிறுவாணி ஊரில் கேன் தண்ணீர். சரி, அதை விடுங்கள், நான் சொல்ல வந்தது தேங்காய்.

கிரீன் கறி வந்தது. வெள்ளைக் கிண்ணத்தில் வெளிர் பச்சையாக, ஒரு திட்டு இல்லாமல், சுவருக்கு அடிக்கும் பெயின்ட் போல வழவழவென்று இருந்தது. மேலே ப்ரோக்கோலி, பேபி கார்ன். வாயில் வைத்தேன். மோசமில்லை. ஆனால் கண்ணை மூடிக்கொண்டு சாப்பிட்டால் சிட்னியில் அவசரத்துக்கு வாங்கி வரும் பார்சல்தான். அதே வழவழப்பு, கடைசியில் அதே அசட்டுத் தித்திப்பு. பையன் வேறு இரண்டு வாய்க்கு ஒரு தரம் வந்து, "எல்லாம் ஓகேங்ளாண்ணா? காரம் கம்மி பண்ணோணுங்ளா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தான். அங்கே ஒரு தடவை கேட்பார்கள், அதுவும் பதிலுக்குக் காத்திருக்காமல் நடந்துகொண்டே. இவன் கேட்டுவிட்டு முகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கிறான். எது மேல் என்று எனக்கு இன்னும் தீரவில்லை.

அப்புறம்தான் கை கழுவப் போனேன், கூடையைப் பார்த்தேன்.

பையனிடம் கேட்டேன். "தேங்காய்ப்பால் பெட்டியில வாங்கறீங்களா?"

"ஆமாங்ணா, இம்போர்டட்ங்ணா." அவன் முகத்தில் அப்படியொரு பெருமை. நான் பாராட்டுகிறேன் என்று நினைத்துவிட்டான்.

எனக்குக் கோபம் வந்தது. ஒரு கிண்ணம் குழம்புக்குக் கோபமா என்று தம்பி சிரித்தான். சிட்னியில் பதினாலு வருஷமாகப் பெட்டிப் பாலை ஊற்றி ஆப்பமும் சந்தகையும் சாப்பிட்டவனுக்குத்தான் அந்தக் கோபம் தெரியும். ஊருக்குப் போனால் பிழிந்த பால், ஊருக்குப் போனால் பிழிந்த பால் என்று நாளை எண்ணிவிட்டு வந்து உட்கார்ந்தால், எனக்கு முன்னாலேயே அந்தப் பெட்டி வந்து உட்கார்ந்திருக்கிறது.

கடைக்காரரைக் கூப்பிடச் சொன்னேன். தம்பி வீட்டுக்காரி மேசைக்கு அடியில் தம்பியின் காலை மிதித்தது எனக்குத் தெரிந்தது. கடைக்காரர் வந்தார். நாற்பத்தைந்து வயதிருக்கும், கோபிச்செட்டிபாளையம் பக்கத்துக்காரர். பாங்காக்கில் ஆறு வருஷம் ஓட்டல் சமையலில் இருந்துவிட்டு வந்தவர். சண்டைக்கு நிற்பார் என்று நினைத்தேன். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டார்.

"உங்களுக்கு இருக்கற ஆதங்கம் எனக்கும் இருக்குதுங்க. ஆரம்பத்துல காய் வாங்கித்தானுங்க பண்ணுனேன். உடைக்க, துருவ, பிழிய ஒரு ஆளு. அவன் திங்கக்கிழமை வர மாட்டான். ஒரு காயில பால் கெட்டியா வரும், ஒண்ணுல தண்ணியாட்டம் வரும். காத்தால எடுத்தா ராத்திரிக்கு நிக்காது. போன வருஷம் காய் விலை என்ன ஆச்சுன்னு உங்களுக்கே தெரியுமே."

தெரியும். 2025இல் கொப்பரை கிலோ 200 ரூபாயைத் தாண்டியபோது அப்பா போனில் சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது. கூடவே, வெள்ளை ஈயும் வாடல் நோயும் வந்து மரம் மரமாகப் போகிறது, விலை இருக்கிறது காய் இல்லை என்று புலம்பியதும் இருக்கிறது.

"அதெல்லாம் கூடப் பாத்துக்கலாமுங்க" என்றார் கடைக்காரர். "அசல் முறையில பண்ணுனா எண்ணெய் பிரிஞ்சு மேல நிக்கோணும். நிக்க வெச்சேன். 'ஏனுங்க, பால் திரிஞ்சு போச்சு, எண்ணெய் மிதக்குது'ன்னு திருப்பித் திருப்பி அனுப்பிச்சுட்டாங்க. பெட்டிப் பால் திரியறதில்லை. கஸ்டமர் சந்தோஷம், நானும் சும்மா இருக்கேன்."

இங்கேதான் நான் கொஞ்சம் அடங்கினேன். அவர் சொன்னது நிஜம். சிட்னியில் எங்கள் வீட்டுக்குப் பக்கத்துத் தாய் கடை அம்மா இதையே தலைகீழாகச் சொல்லுவார். தேங்காய்ப்பாலுக்கு அவர்கள் மொழியில் கதி என்று பெயர். முதலில் பிழியும் கெட்டிப் பால் 'ஹுவா கதி', அதாவது தலைப்பால். பிறகு பிழிவது 'ஹாங் கதி', வால்பால். நாம் முதல் பாலைக் கடைசியில் ஊற்றி, கொதி வருவதற்குள் இறக்கிவிடுவோம். அவர்கள் தலைப்பாலைத்தான் முதலில் சட்டியில் காய்ச்சுவார்கள். அது உடைந்து எண்ணெய் கக்கியதும், அந்த எண்ணெயிலேயே மசாலா விழுதை வதக்கி, வால்பாலை அப்புறம் ஊற்றுவார்கள். பெட்டிப் பாலில் பெரும்பாலும் பிரியாமல் இருக்க ஏதாவது சேர்த்திருப்பதால் அது லேசில் உடையாது. அந்த அம்மா திட்டிக்கொண்டே ஒரு கரண்டி எண்ணெய் விட்டுச் சமாளிப்பார். நாம் எதைக் கெட்டுப்போனது என்கிறோமோ அவர்களுக்கு அங்கேதான் குழம்பு தொடங்குகிறது.

"சரிங்க, ப்ரோக்கோலி எதுக்கு?" என்று கேட்டேன். விடுவதாக இல்லை. தாய்லாந்தில் கிரீன் கறிக்குள் கொத்துக் கொத்தாகப் போடுவது நம் சுண்டைக்காய். அதே செடி, அதே காய். எங்கள் தோட்டத்து வேலியில் கேட்பாரில்லாமல் காய்த்துக் கிடக்கும்.

கடைக்காரர் நெற்றியில் அடித்துக்கொண்டார். "போட்டேனுங்க! 'வத்தக்குழம்புக் காயைப் போட்டு நானூறு ரூபாயா'ன்னு ஒருத்தர் அந்த மேசையில உக்காந்து கத்துனாரு. அதே ஆளு ப்ரோக்கோலிக்கு ஒண்ணுஞ் சொல்றதில்லை."

அன்றைக்கு அதோடு எழுந்து வந்திருக்கலாம். கடைக்காரர்தான் வாசல் வரைக்கும் வந்து, "காய் கொண்டுட்டு வாங்க, ஒரு நாளைக்குச் சாயந்திரம் கூட்டம் வாரதுக்குள்ள பண்ணித் தர்றேன்" என்றார். சும்மா சொன்னாரோ என்னவோ. நான் அதைப் பிடித்துக்கொண்டேன். சிட்னியில் எந்தக் கடைக்காரரும் அப்படிச் சொல்லமாட்டார். வெளிப் பொருளைச் சமையலறைக்குள் விட யோசிப்பார்கள். நம் ஊரின் இந்த ஒழுங்கில்லாமை சில சமயம் எவ்வளவு சௌகரியம்!

வியாழக்கிழமை நாலு மணிக்கு, அம்மாவையும் கூட்டிக்கொண்டு, மஞ்சப்பையில் மூன்று காயோடு போனோம். அம்மா காயை ஒவ்வொன்றாகக் காதோரம் ஆட்டித் தண்ணீர்ச் சத்தம் கேட்டுத்தான் எடுத்திருந்தார். ஒரு கைப்பிடிச் சுண்டைக்காயும் பையில் இருந்தது.

சமையலறையில் டார்ஜிலிங் பையன் ஒருவன். அவன் துருவுவதை அம்மா ஒரு நிமிஷம் பார்த்தார். "ஓடு வரைக்கும் சொரண்டாத கண்ணு, பால் கருத்துப் போகும்" என்றார். அவனுக்குத் தமிழ் அரைகுறை. அம்மா பேச்சை விட்டுவிட்டுத் துருவியையே வாங்கிக்கொண்டார். இரண்டு காய். வெதுவெதுப்பான தண்ணீர் தெளித்து, மிக்ஸியில் ஒரு சுற்று, வெள்ளைத் துணியில் போட்டு முறுக்கிப் பிழிந்தார். கண் ஆபரேஷன் ஆகிப் பத்து நாள்தான், குனியாதீங்கம்மா என்று நான் சொன்னதைக் காதில் வாங்கவில்லை. முதல் பால் ஒரு கிண்ணம், இரண்டாம் பால் ஒரு போசி நிறைய.

கடைக்காரர் முதல் பாலைச் சட்டியில் ஊற்றி அடுப்பைக் கூட்டினார்.

"ஏனுங்க தம்பி, கொதிக்க விடறீங்களே!"

"விடோணுமுங்கம்மா."

பால் முதலில் நுரைத்தது. அப்புறம் ஓரத்தில் குமிழ் குமிழாக வெடித்தது. பிறகு நடுவில் சின்னதாக ஒரு கண்ணாடி வளையம் போல எண்ணெய் தோன்றி, இன்னொன்று, இன்னொன்று, எல்லாம் ஒன்றாகச் சேர்ந்தன. அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார். "திரிஞ்சு போச்சு கண்ணு. அத்தனையும் வீணு." கடைக்காரர் பச்சை விழுதை எடுத்து அதில் போட்டார். சர்ரென்று ஒரு சத்தம். எலுமிச்சம்புல்லும் பச்சை மிளகாயும் தேங்காயெண்ணெயும் சேர்ந்து ஒரு வாசம் எழுந்து, அம்மா தும்மினார். டார்ஜிலிங் பையன் சிரித்தான்.

கிண்ணத்தில் வந்தபோது மேலே பச்சை எண்ணெய் திட்டுத் திட்டாக நின்றது, அடியில் பால் திரி திரியாக இருந்தது. பார்வைக்கு அழகென்று சொல்ல மாட்டேன். முதல் வாயில் காரம், அடுத்ததில் சுண்டைக்காய் பல்லில் பட்டு வெடித்து ஒரு கசப்பு, அதற்குப் பின்னால் பிழிந்த பாலின் தித்திப்பு. பதினாலு வருஷத்தில் சிட்னியில் இப்படி ஒரு கிண்ணம் சாப்பிட்டதில்லை. அதைச் சத்தமாகவும் சொன்னேன்.

தம்பி இரண்டு கரண்டி சாப்பிட்டுவிட்டு, "அண்ணா, அன்னிக்கு சாப்பிட்டதே நல்லா இருந்துச்சு" என்றான்.

அம்மா யோசித்து யோசித்துச் சாப்பிட்டார். "சோத்துக்கு வேண்டாம். சந்தகைக்கு ஊத்தலாம்." கடைக்காரர் நாற்காலியிலிருந்து எழுந்தேவிட்டார். அங்கேயும் அரிசி மாவைப் பிழிந்து, இடியாப்பம் மாதிரிச் சுருட்டி வைத்து, இதே கறியை மேலே ஊற்றிச் சாப்பிடுவார்களாம். கனோம் ஜீன் என்று பெயர். அங்கே மாவைக் கொதிக்கிற தண்ணீருக்குள்ளேயே பிழிவார்கள் என்றதும் அம்மா முகத்தைச் சுளித்தார். "அவிச்சுட்டுத்தானுங்க பிழியோணும்." இந்த வழக்கு இருபது நிமிஷம் நடந்தது. அதற்குள் மேசையெல்லாம் நிரம்பிவிட்டது.

பில் வந்தது. கிரீன் கறி 420 ரூபாய், ஐந்து சதவீத ஜிஎஸ்டியோடு 441. காய் எங்களுடையது, சுண்டைக்காய் எங்களுடையது, பிழிந்தது அம்மா. பையன் கம்ப்யூட்டரில் இருந்ததை அப்படியே அடித்திருந்தான். நான் வாயைத் திறப்பதற்குள் தம்பி போனை நீட்டிப் பணத்தை அனுப்பிவிட்டான்.

அம்மா ஒன்றும் சொல்லவில்லை. சமையலறைக்குள் போய், மேடையில் மிச்சமிருந்த மூன்றாவது காயை எடுத்து மஞ்சப்பையில் போட்டுக்கொண்டு வந்தார்.