கணுக்காலில் பிளேட்: நாலு மாரிக்குப் பிறகு

மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, படுவான்கரையில் வயல் வரம்பு வழுக்கி வலது கணுக்காலின் வெளிப்புற எலும்பு முறிந்தது. பிளேட்டும் ஸ்குரூவும் வைத்து நாலு வருடமாகிறது. போனுக்கும் மோட்டார் சைக்கிளுக்கும் பாவனை அனுபவம் எழுதுகிறவர்கள் ஏராளம். உடம்புக்குள் இருக்கிற சாமானுக்கும் ஒன்று இருக்கட்டுமே.

பிளேட்டில் பெரிய குறை இல்லை. எலும்பு நேராக ஒட்டிவிட்டது. ஆனால் அந்த இடத்தில் எலும்புக்கு மேலே சதை கிடையாது, தோல்தான். தடவினால் ஸ்குரூவின் தலை கையில் தட்டுப்படும். சப்பாத்தின் விளிம்பும் சரியாக அங்கேதான் உரசும். சம்மணம் போட்டு இருந்தாலும் அந்தப் பக்கம் அழுந்துவதால், கோயில் அன்னதானத்தில் சால்வையை மடித்துக் காலுக்குக் கீழே வைத்துக்கொள்கிறேன். பாதத்தின் மேற்புறம் கொஞ்ச இடம் இன்னும் மரத்தாற்போல இருக்கிறது. வெட்டுகிற இடத்துக்குப் பக்கத்தில் நரம்பு ஓடுவதால் சிலருக்கு இப்படி ஆவதுண்டாம்.

கத்தி வைப்பதற்கு வீட்டில் எதிர்ப்பு இருந்தது. "மனே, எண்ணெய்க் கட்டுப் போட்டா ஒட்டிரும்" என்றார் பெரியப்பா. ஒட்டும், அதில் சந்தேகமில்லை. கோணலாக ஒட்டினால் என்ன செய்வது என்பதுதான் என் பயம். கணுக்கால் மூட்டு மிக இறுக்கமாகப் பொருந்திய மூட்டு. உள்ளே இருக்கும் எலும்பு வெளிப்பக்கமாக 1 மில்லிமீட்டர் விலகினாலே மூட்டுப் பரப்புகள் தொடும் அளவு சராசரியாக 42 சதவீதம் குறைந்துவிடுவதாக 1976இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. முழங்கால் தேய்வு பெரும்பாலும் வயதோடு வருகிறது. கணுக்கால் தேய்வு அப்படியல்ல, அநேகமாகப் பழைய காயத்தின் மிச்சம். மூட்டு விலகாத முறிவென்றால் பிளாஸ்டரே போதும், எல்லோருக்கும் பிளேட் தேவையில்லை. எது எதுவென்று எக்ஸ்ரே பார்க்காமல் யாராலும் சொல்ல முடியாது. எண்ணெய்க் கட்டுப் போடும் முறிவு நெரிவு வைத்தியரிடம் போகிறவர்களும் முதலில் ஒரு படம் எடுத்துவிட்டுப் போங்கள்.

சுளுக்கா முறிவா என்று பார்க்க ஒட்டாவா விதி என்று ஒன்று இருக்கிறது, 1992இல் கனடாவில் வெளிவந்தது. விழுந்த உடனும் வைத்தியசாலையிலும் நாலு அடி வைக்க முடியாவிட்டால், அல்லது கணுக்காலின் இருபக்கமும் புடைத்திருக்கும் முட்டி எலும்பின் பின்விளிம்பையோ நுனியையோ அமத்தும்போது எலும்பிலேயே நொந்தால், எக்ஸ்ரே எடுக்க வேண்டும்.

வார்டில் உடனே வெட்டவில்லை. வீக்கம் வற்றித் தோலில் சுருக்கம் விழும்வரை காலை உயர்த்தி வைத்துப் படுக்கவிட்டார்கள். கவனிக்கவில்லை என்று வீட்டார் கோபப்பட்டார்கள். வீங்கிய தோலை வெட்டினால் காயம் மூடாது, கிருமி பிடிக்கும், அதனால்தான் இந்தக் காத்திருப்பு. பிளாஸ்டர் போட்ட பிறகு விரல் நீலமானாலோ, விறைத்தாலோ, வலி கூடிக்கொண்டே போனாலோ கிளினிக் நாள்வரை காத்திருக்கக் கூடாது. கெண்டைக்கால் வீங்கி நொந்தாலும், மூச்சு வாங்கினாலும் அப்படியே.

இனிமேல்தான் உண்மையான வேலை. வழக்கமாக ஆறு கிழமை வரை காலை ஊன்ற விடமாட்டார்கள். முறிவைப் பொறுத்து இது கூடும், குறையும். பிளாஸ்டரைக் கழற்றியபோது கெண்டைக்கால் வற்றிப்போய், பாதம் மேலே மடங்க மறுத்தது. முதலில் போன ஒரு தனியார் பிசியோதெரபி இடத்தில் விளக்குச் சூடு வைத்துக் காசு வாங்கினார்கள். பயிற்சி என்று ஒன்றும் சொல்லித்தரவில்லை. அப்புறம் அரச வைத்தியசாலையில் சுவர்ப் பயிற்சியைக் காட்டினார்கள். சுவருக்கு முன்னால் பாதத்தை வைத்து, முழங்கால் சுவரில் முட்டும்வரை மடக்க வேண்டும். "அண்ணா, குதி கிளம்பக் கூடாது" என்று பயிற்சி காட்டிய பிள்ளை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தார். பெருவிரலுக்கும் சுவருக்கும் எத்தனை விரல் இடைவெளி என்று பார்த்து மற்றக் காலோடு ஒப்பிட்டால் முன்னேற்றம் கண்ணுக்குத் தெரியும். எனக்கு இன்னும் ஒரு விரல் குறைவு.

எக்ஸ்ரே அழகாக இருந்தது, ஆனால் குந்தியிருக்க முடியவில்லை. எங்கள் ஊர் வாழ்க்கையில் அதுதான் பரீட்சை: குந்து கக்கூஸ், நாற்று, களை எடுப்பு. இதே முறிவு வந்த காத்தான்குடி நண்பருக்குத் தொழுகையில் காலை மடித்து இருப்பதுதான் கஷ்டமாம். கதிரையில் தொழுது தொழுது மெல்ல மெல்லத் தரைக்கு வந்தார். எனக்குப் பழைய கல்லடிப் பாலத்தில் நடை சீக்கிரம் வந்தது. கடற்கரை மணல் பிறகுதான். வரம்பு எல்லாவற்றுக்கும் கடைசி. ஒற்றைக்காலில் நின்று பல் விளக்கிப் பழகியது வரம்புக்கு நன்றாக உதவியது. பின்னேர வீக்கம் ஒரு வருடம் வரை இருந்தது. சிகரெட் குடிக்கிறவர்களுக்கு எலும்பு ஒட்டவும் நாளாகும்.

பிளேட்டை எடுக்கலாமா என்று கேட்டேன். தொந்தரவு இல்லாவிட்டால் விடுங்கள் என்றார் நிபுணர். எடுப்பதும் ஒரு சத்திரசிகிச்சைதான், ஸ்குரூ இருந்த துளைகள் நிரம்பும்வரை எலும்பு பலவீனமாக இருக்கும். அந்த நேரத்தில் வேளாண்மை வெட்டு வந்தால் யார் இறங்குவது? அதனால் அது அங்கேயே இருக்கிறது. சப்பாத்தைத்தான் மாற்றினேன், விளிம்பு கணுக்கால் முட்டிக்குக் கீழே நிற்கும் வகையாக.