சீன மாணவர்களும் ஆங்கில வினைகளும்: எந்த வினைக்கு எந்த வழி?

ஆங்கிலம் படிக்கும் சீன மாணவர்களைத் திணற வைக்கும் வினைச்சொற்கள் மூன்று வகை. 'கிவ் அப்', 'ஃபைண்ட் அவுட்' போன்ற ஃபிரேசல் வெர்ப்கள், அதாவது வினையோடு 'அப்', 'அவுட்' மாதிரிச் சிறு சொல் சேர்ந்து வருபவை, ஒரு வகை. 'போர்' (சலிப்பூட்டு), 'டிஸப்பாயின்ட்' (ஏமாற்றமடைய வை) மாதிரி மனநிலையைச் சொல்பவை இன்னொரு வகை. 'ஹேப்பன்', 'டிஸப்பியர்' போல, செய்பவர் என்று யாரும் இல்லாமல் தானாக நடப்பதைச் சொல்பவை மூன்றாவது. கற்கும் வழிகளும் மூன்று: பட்டியல் போட்டு மனப்பாடம் செய்யலாம், சீனத்தோடு ஒப்பிட்டுப் புரிந்துகொள்ளலாம், நிறைய வாசித்தும் கேட்டும் பழகலாம். இவற்றில் எது நல்லது என்பது வினையின் வகையைப் பொறுத்தது.

முதலில் மனப்பாடம். 1977-இல் மீண்டும் தொடங்கிய கல்லூரி நுழைவுத் தேர்வான காவ்காவுக்கோ, 1987-இல் வந்த கல்லூரி ஆங்கிலத் தேர்வுக்கோ படிப்பவர் கையில் சொற்பட்டியல் கட்டாயம் இருக்கும். அகரவரிசைப் பட்டியல்கள் பலவற்றில் முதலில் கண்ணில் படும் சொல் 'அபான்டன்'. சீனத்தில் அது 'ஃபாங்சி', அதாவது கைவிடுதல். 'கிவ் அப்'புக்கும் அதே ஃபாங்சிதான். ஒரு சொல்லுக்கு ஒரு பொருள் என்று உருப்போட்ட மாணவருக்கு எழுதும்போது 'அபான்டன்'தான் முந்திக்கொண்டு வரும். லியாவ், ஃபுகுயா என்ற இரு ஆய்வாளர்கள் 2004-இல் வெளியிட்ட ஆய்வில், இடைநிலைச் சீன மாணவர்கள் ஃபிரேசல் வெர்பைத் தவிர்த்து ஒற்றைச் சொல்லையே அதிகம் நாடினார்கள். தேர்ந்த மாணவர்களிடம் அந்தத் தயக்கம் நன்றாகக் குறைந்திருந்தது.

சீனத்தில் ஃபிரேசல் வெர்ப் கிடையாது, அதனால்தான் தவிர்க்கிறார்கள் என்று சொல்வதுண்டு. எனக்கு அது முழுதாக ஒப்பவில்லை. 'ஜான் சிலாய்' என்றால் எழுந்து நில். 'ஜான்' நிற்பது, 'சிலாய்' மேலெழுந்து வருவது; ஏறக்குறைய 'ஸ்டாண்ட் அப்' மாதிரியேதான். 'சா சூலாய்' என்பது விசாரித்து வெளியே கொண்டுவருவது, அதாவது 'ஃபைண்ட் அவுட்'. இந்த ஒற்றுமையை வகுப்பில் ஒரு முறை எடுத்துக் காட்டினாலே 'அப்', 'அவுட்' மீதான பயம் பாதி போய்விடும். ஆனால் இந்த வழி ஓர் எல்லை வரைக்கும்தான் வரும். 'ஈட் அப்' என்பதற்கு 'ச்சி வான்', சாப்பிட்டு முடி. இங்கே 'அப்' மேலே போவதைக் குறிக்கவில்லை, முடிவதைக் குறிக்கிறது. 'புட் அப் வித்' என்றால் பொறுத்துக்கொள்; அதைச் சீனத்தை வைத்து யாராலும் ஊகிக்க முடியாது. இந்த மாதிரிச் சொற்களுக்கு வாசிப்பும் பேச்சும்தான் வழி. பத்து இடங்களில் பார்த்தால் தானாக ஒட்டிக்கொள்ளும்.

மனநிலை வினைகளில் கதை வேறு. 'வோ ஹென் வூலியாவ்' என்ற ஒரே சீன வாக்கியத்துக்கு 'எனக்குச் சலிப்பாக இருக்கிறது' என்றும், 'நான் சலிப்பூட்டுகிற ஆள்' என்றும் பொருள் உண்டு. 'ஐ ஆம் போரிங்' என்று ஒரு மாணவர் வெகுளியாகச் சொல்வது இதனால்தான். இங்கே தாய்மொழியே தடம் மாற்றிவிடுகிறது. அதே தாய்மொழியை வைத்துத் திருத்தவும் முடியும். சீனத்தில் 'அந்தச் செய்தி என்னை ஏமாற்றமடைய வைத்தது' என்று சொல்ல 'ராங்' அல்லது 'ஷி' என்ற தனிச்சொல் வேண்டும். ஆங்கிலத்தில் 'டிஸப்பாயின்ட்' என்ற வினைக்குள்ளேயே அந்த 'வைத்தது' ஒளிந்திருக்கிறது. அதை உடைத்துக் காட்டிவிட்டால் 'டிஸப்பாயின்டிங்' எது, 'டிஸப்பாயின்டட்' எது என்பது விளங்கிவிடும்.

எனக்கு மிகவும் பிடித்த சிக்கல் மூன்றாவது வகைதான். 'தி ஆக்ஸிடென்ட் ஹேப்பன்ட்' (விபத்து நடந்தது) என்பதற்குப் பதில் 'தி ஆக்ஸிடென்ட் வாஸ் ஹேப்பன்ட்' என்று எழுதுபவர்கள் பெரும்பாலும் தொடக்க நிலை மாணவர்கள் அல்ல. செயப்பாட்டு வினையைக் கற்று முடித்தவர்கள். விபத்து தானாக எதையும் செய்யவில்லை, அதற்கு ஏதோ நேர்ந்திருக்கிறது, அப்படியானால் 'வாஸ்' வேண்டும் என்று மனம் கணக்குப் போடுகிறது. ஜப்பானியரும் கொரியரும் ஸ்பானியரும் இதே தவறைச் செய்வதால் பழியைச் சீன மொழி மீது போட முடியாது. தமிழில் 'உடைந்தது', 'உடைத்தது' என்று வினையின் வடிவமே பிரித்துக் காட்டிவிடும். சீனத்திலும் ஆங்கிலத்திலும் கதவு திறந்ததற்கும் நான் கதவைத் திறந்ததற்கும் ஒரே வினைதான்.

இங்கே வாசிப்பு மட்டும் கைகொடுக்காது என்று நினைக்கிறேன். 'ஹேப்பன்ட்' என்பதை நூறு முறை சரியாக வாசித்தாலும், 'வாஸ் ஹேப்பன்ட்' தவறு என்று எந்தப் பக்கமும் சொல்லாது. மனப்பாடமும் அவ்வளவாக உதவாது, ஏனென்றால் பட்டியலில் பொருள்தான் இருக்கும். யாராவது வெளிப்படையாகச் சொல்லித்தர வேண்டும், அதற்குச் சீனமே நல்ல கருவி. 'ஷிகு ஃபாஷெங் லெ', விபத்து நடந்தது. இதில் செயப்பாட்டைக் காட்டும் 'பெய்' என்ற சொல்லைப் போடுவாயா என்று கேட்டால், மாட்டேன் என்று மாணவர் உடனே சொல்வார். சரி, அப்படியென்றால் 'வாஸ்' எதற்கு?

இந்தச் சோதனையிலும் ஓர் ஓட்டை உண்டு. 'சின் சியே ஹாவ் லெ', கடிதம் எழுதியாயிற்று. இதிலும் 'பெய்' இல்லை. ஆங்கிலத்திலோ 'வாஸ் ரிட்டன்' என்றுதான் வரவேண்டும். அதனால் இன்னொரு கேள்வியும் கேட்க வேண்டும். கடிதத்தை யார் எழுதினார் என்று கேட்கலாம். விபத்தை யார் 'நடந்தார்' என்று எந்த மொழியிலும் கேட்க முடியாது.