எந்த மக்களோடு வேலை? ஒருநாள் பட்டறை எப்படி இருந்தது

எம்.எஸ்.டபிள்யூ. (சமூகப்பணி முதுகலை) மாணவர்கள் எந்த மக்களோடு வேலை செய்வது என்று முடிவெடுக்க, மதுரையில் ஒரு பயிற்சி மையம் நடத்தும் பட்டறை. கட்டணம் 400 ரூபாய். காலை முழுக்க பவர்பாயிண்ட், தூக்கம்தான் வந்தது. கொடுத்த காசு மதியத்துக்குத்தான் தகும்.

குழந்தைகளோடுதான் வேலை என்று கை தூக்கியவர்களிடம் மாதிரிக்கு ஒரு போக்சோ வழக்கு (குழந்தைகள் மீதான பாலியல் குற்றம்) கோப்பைக் கொடுத்தார்கள். குழந்தையோடு பேசுவது கொஞ்ச நேரம். மீதியெல்லாம் காவல் நிலையம், குழந்தைகள் நலக் குழு, நீதிமன்றம், அறிக்கை. பாட்டு, விளையாட்டு என்று நினைத்து வந்தவர்கள் முகத்தைப் பார்க்கணுமே!

முதியோர் கோப்பு வேறு மாதிரி. 2007-ஆம் ஆண்டுப் பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டப்படி பிள்ளைகளிடம் ஜீவனாம்சம் கேட்டு ஆர்.டி.ஓ.வுக்கு (வருவாய்க் கோட்டாட்சியர்) மனு எழுதணும். சட்டத்தில் உச்சவரம்பு மாதம் 10,000 ரூபாய். பெரியவராக நடித்த பயிற்றுநர், "எம்மகன் பேரு கெடாம எழுதும்மா" என்று கெஞ்சியதும் எனக்குப் பேனா ஓடவில்லை. ஆனாலும் இந்தப் பக்கம்தான் மனசு போகிறது.

போதை மீட்பை அவசரமாக முடித்தது அநியாயம். சம்பளம் பற்றிக் கேட்டால் சிரித்து மழுப்புகிறார்கள். சரி, போவதானால் களப்பணிக்கு இடம் கேட்பதற்கு முன்பே போய்விடுங்கள்.