சங்க காலத்து வெறியாட்டு என்று சொல்லிக் காசு பறிக்கிறார்கள், கவனம்

அப்பா போய் ஆறு மாதம். அம்மாவுக்குத் தூக்கமே இல்லை. கண்ணை மூடினால் அவர் வாசலில் செருப்பைக் கழற்றும் சத்தம் கேட்கிறது என்றாள். மதுரைப் பக்கம் ஒருவர் ஆவியை வரவழைத்துப் பேச வைக்கிறார் என்று சித்தப்பா சொல்ல, மூன்று பேரும் போனோம். 500 ரூபாய்க் குறியில் தொடங்கியது, தோஷம் போக்கும் 18,500 ரூபாய்க் கழிப்பில் வந்து நின்றது. ஆள் யார் என்று எழுதப் போவதில்லை. பாணியைத் தெரிந்துகொண்டால் போதும்.

என்னை ஏமாற்றியது என் தமிழ்ப் படிப்புத்தான். உட்கார்ந்ததுமே அவர், "இது நேத்து முளைச்ச மாந்திரீகம் இல்ல தம்பி, வெறியாட்டு. தொல்காப்பியத்துலயே இருக்கு" என்றார். இருக்கிறதுதான், சங்கப் பாட்டுகளிலும் வருகிறது. மகள் மெலிந்து வாடினால் தாய் கட்டுவிச்சியை அழைப்பாள். அவள் முறத்தில் நெல்லைப் பரப்பிக் குறி பார்ப்பாள். முருகன் பூசாரியான வேலன் கழங்குக் காய்களை உருட்டிப் பார்த்து, இது முருகன் அணங்கியது, அதாவது பிடித்து வாட்டுவது, என்பான். களம் அமைத்து, ஆட்டுக்குட்டியை அறுத்து, சாமி வந்து ஆடுவான். இறந்த வீரன் நடுகல்லில் இருக்கிறான் என்று கள் படைத்ததும் உண்டு. நான் பெருமையாகத் தலையாட்டினேன். அவருக்கு அது போதுமாக இருந்தது.

வீட்டுக்கு வந்து புத்தகத்தைப் புரட்டியபோதுதான் வெட்கமாகப் போனது. அந்தப் பாட்டுகளில் வேலன் சொல்வது தப்பு! பெண்ணுக்கு வந்திருப்பது காதல். தோழிக்குத் தெரியும், படிக்கிற நமக்கும் தெரியும். அகநானூறு 22-இல், வெறியாடிய அன்று இரவே காதலன் வந்து சேர்கிறான். தன் நோய்க்குச் சம்பந்தமே இல்லாத வேலனின் வெறியாட்டை எண்ணித் தலைவி சிரிக்கிறாள். நற்றிணை 34-இல் தோழி முருகனையே பிடித்துக்கொள்கிறாள்: "கடவுள் ஆயினும் ஆக, மடவை மன்ற வாழிய முருகே." நீ கடவுளாகவே இரு, ஆனாலும் விவரம் கெட்டவன்தான் என்று. சுமார் 2000 வருடத்துக்கு முந்தைய கிண்டல். இதை ஏன் நான் அங்கே உட்கார்ந்திருக்கும்போது நினைக்கவில்லை?

சரி, தொழில் எப்படி நடக்கிறது என்று சொல்கிறேன். திண்ணையில் ஓர் அக்கா காப்பி கொடுத்தார். "அண்ணன் எப்படிம்மா தவறுனாரு, ஆஸ்பத்திரியிலயா?" என்று கேட்டார். அம்மா ஆமாம் என்றாள். உண்மையில் அப்பா விழுந்தது பஸ் ஸ்டாண்டில், அங்கேயே முடிந்துவிட்டது. அதை அம்மா வெளியாட்களிடம் சொல்வதில்லை. உள்ளே போனதும் உடுக்கை அடித்தது, குரல் மாறியது: "ஆஸ்பத்திரிக் கட்டில்ல கெடந்து உன்னயத்தான் தேடுனேன்." எனக்குச் சுருக்கென்றது. திரும்பிப் பார்த்தால் அம்மா அழுதுகொண்டிருக்கிறாள். அந்த நேரத்தில் எப்படி எழுந்து வருவது? குங்குமத் தட்டுக்குப் பக்கத்தில் க்யூஆர் அட்டை இருந்தது.

எலுமிச்சம்பழத்தை வெட்டினால் ரத்தம் வந்ததே என்பீர்கள். கத்தியில் செம்பருத்திப் பூவைத் தேய்த்துக் காயவைத்து நீங்களே வெட்டிப் பாருங்கள். புளிப்பு பட்டதும் சிவக்கும். எங்கள் சமையலறையில் செய்து பார்த்துவிட்டேன்.

போயே ஆக வேண்டும் என்று வீட்டில் பிடிவாதம் பிடித்தால், வெளியே காத்திருக்கும்போது யார் கேட்டாலும் வாய் திறக்காதீர்கள். திறந்தால் ஒரு பொய்யையாவது சேர்த்துச் சொல்லுங்கள், அது உள்ளே போய்ச் சேருகிறதா என்று பாருங்கள். குறிக்கான காசுக்கு மேல் அன்றைக்கே ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். "அமாவாசைக்குள்ள கழிக்கலேன்னா அடுத்தது மகன்" என்று எங்களிடம் சொன்ன மாதிரி உங்களிடமும் சொல்வார்கள். எங்களுக்கு அமாவாசை மூன்று நாளில் இருந்தது.

திரும்பும்போது பஸ்ஸில் அம்மா வெகுநேரம் ஜன்னலையே பார்த்துக்கொண்டு வந்தாள். திருமங்கலம் தாண்டியதும் மெதுவாகக் கேட்டாள்: "ஏன்டா, பஸ் ஸ்டாண்டுல விழுந்தது உங்க அப்பாவுக்கே மறந்துபோச்சா?"